சின்ன அறிவியல் சங்கம், பெரிய சங்கத்தோடு சேரலாமா?

கேள்வி இதுதான். குறுகிய துறை ஒன்றுக்கான அறிவியல் சங்கம். உறுப்பினர்கள் 300 பேருக்குள். ஆண்டுக்கு ஒரு கூட்டம் நடத்துகிறார்கள், காலாண்டிதழ் ஒன்று கொண்டுவருகிறார்கள், இரண்டு மாணவர் பரிசுகள் தருகிறார்கள். செயலாளர், பொருளாளர், இதழாசிரியர் எல்லோரும் சொந்த வேலைக்கு நடுவே சம்பளம் இல்லாமல் உழைப்பவர்கள். பல்லாயிரம் உறுப்பினர்கள் உள்ள பெரிய சங்கம் ஒன்று, சேர்ந்து செயல்படலாமே என்று கடிதம் எழுதியிருக்கிறது. செயற்குழுவில் பாதிப் பேருக்கு இது நல்ல வாய்ப்பாகத் தெரிகிறது. மீதிப் பேர், நம்மை விழுங்கிவிடுவார்கள் என்று பயப்படுகிறார்கள். சேரலாமா, வேண்டாமா?

சேரலாம் என்பதே என் பதில். ஆனால் சங்கத்தை மொத்தமாகத் தூக்கி மேசையில் வைத்துப் பேசக் கூடாது. கூட்டம், இதழ், சந்தா வசூல், பரிசுகள், அரசிடம் கருத்துச் சொல்வது என்று வேலைகளைத் தனித்தனியாகப் பிரித்து, எதை யாரோடு சேர்ந்து செய்வது என்று ஒவ்வொன்றாக முடிவெடுக்க வேண்டும். இப்படிப்பட்ட ஒரு சின்னச் சங்கத்தில் முதலில் பொருளாளராக, அப்புறம் செயலாளராக மொத்தம் 11 ஆண்டுகள் இருந்தேன். அவசரமாகச் சேர்ந்ததில் வந்த இழப்பையும் பார்த்தேன், பயந்துபோய் ஒதுங்கியே இருந்ததில் வந்த இழப்பையும் பார்த்தேன். இரண்டாவதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, ஏனென்றால் அது மெதுவாக வருகிறது.

ஒவ்வொரு வேலைக்கும் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: பிடிக்கவில்லை என்றால் இதிலிருந்து வெளியே வர எவ்வளவு காலம் ஆகும்? பெரிய மாநாட்டில் உங்கள் பெயரில் ஓர் அமர்வு நடத்துவது, சரிப்படாவிட்டால் அடுத்த ஆண்டே விட்டுவிடக்கூடிய காரியம். ஒரு சங்கத்தின் உறுப்பினர் மற்றொன்றில் குறைந்த சந்தாவில் சேரலாம் என்ற பரஸ்பர ஏற்பாடும் அப்படித்தான். அமெரிக்கக் கணிதச் சங்கம் உலகின் பல நாட்டுக் கணிதச் சங்கங்களோடு இந்த ஏற்பாட்டை வைத்திருக்கிறது. அதனால் எந்தச் சின்னச் சங்கமும் தன் முகத்தை இழக்கவில்லை. இந்த இரண்டுக்கும் நீண்ட விவாதமே தேவையில்லை, தாராளமாகச் சரி சொல்லலாம். இதழை வெளியிடும் உரிமையைக் கொடுப்பது பல ஆண்டுகளுக்கு ஒப்பந்தத்தில் கட்டுண்டு கிடப்பது. சங்கத்தைக் கலைத்துவிட்டு இன்னொன்றின் பிரிவாக மாறினாலோ, திரும்பி வர வழியே இல்லை. கடிதத்தில் இவை எல்லாவற்றுக்கும் ‘ஒத்துழைப்பு’ என்ற ஒரே சொல்தான் இருக்கும். அந்தச் சொல்லை உடைத்துப் பார்க்காமல் செயற்குழு மணிக்கணக்கில் விவாதித்தால், ஆளுக்கொரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார்கள்.

கூட்டத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நாங்கள் சறுக்கியது அங்கேதான். எங்கள் ஆண்டுக் கூட்டத்தில் முதலாண்டு ஆய்வு மாணவருக்கும் 15 நிமிடம் மேடை உண்டு. முன்வரிசையில் அந்தத் துறையின் மூத்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள்; கேள்வி கேட்பார்கள்; மாலையில் அதே மாணவரோடு நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். செலவு கட்டுப்படியாகவில்லை என்று ஓர் ஆண்டு பெரிய சங்கம் ஒன்றின் மாநாட்டோடு எங்கள் கூட்டத்தைச் சேர்த்தோம். மண்டபம், பதிவு, ஒலிபெருக்கி எதைப் பற்றியும் கவலை இல்லை. ஆனால் எங்கள் மாணவர்கள் அத்தனை பேரும் பெரிய அரங்கில் மேடைப் பேச்சு இல்லாமல், ஆய்வை விளக்கும் நூற்றுக்கணக்கான சுவரொட்டிகளுக்கு நடுவே நிறுத்தப்பட்டார்கள். எங்கள் அமர்வு கடைசி நாள் பிற்பகலில் வந்தது. பாதிப் பேர் பெட்டியோடு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மாநாட்டை நடத்தியவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்களுக்கு எது முக்கியம் என்று நாங்கள் அவர்களிடம் சொல்லவே இல்லை. சொல்லப்போனால், அதை இழக்கும்வரை எங்களுக்கே தெரியவில்லை.

அதனால்தான், பேச்சுவார்த்தைக்கு முன் ஒரு பக்கம் எழுதச் சொல்கிறேன்: நம் சங்கம் நாளைக்கு இல்லாமல் போனால் வேறு யாரும் செய்யாத காரியம் எது? ‘துறையை வளர்ப்பது’ என்று எழுதினால் பயனில்லை. மாணவருக்கு 15 நிமிட மேடை என்பது போல, கையால் தொட்டுக் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும்.

இதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல சான்று ஃபாரடே சங்கம். இயற்பிய வேதியியலுக்காக 1903இல் பிரிட்டனில் தொடங்கியது. 1907 முதல் அவர்கள் ஒரு தனி விதமான கூட்டம் நடத்தினார்கள். கட்டுரைகள் முன்கூட்டியே எல்லோருக்கும் போய்விடும். கூட்டத்தில் எழுதியவர் சில நிமிடங்கள்தான் பேசுவார், மீதி நேரம் முழுவதும் விவாதம். அந்த விவாதமும் கட்டுரைகளோடு சேர்ந்து அச்சாகும். 1980இல் இந்தச் சங்கம் கெமிக்கல் சொசைட்டி உள்ளிட்ட மூன்று அமைப்புகளோடு இணைந்து ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி ஆனது. அதாவது தனிச் சங்கம் என்ற நிலையையே விட்டுக்கொடுத்தது. ஆனால் அந்த விவாதக் கூட்டம் அதே முறையில், ‘ஃபாரடே டிஸ்கஷன்ஸ்’ என்ற பெயரில் இன்றும் நடக்கிறது. பெரிய சங்கத்துக்குள் ஃபாரடே பெயரில் ஒரு குழுவும் இருக்கிறது. அந்தப் பழக்கம் அவ்வளவு தெளிவாக, பெயரோடும் அச்சிட்ட தொகுதிகளோடும் இருந்ததால்தான் தப்பியது என்பது என் எண்ணம். பெயர் வைக்காத நல்ல பழக்கம் இணைப்பில் முதலில் காணாமல் போகும்.

கூட்டத்தைச் சேர்ந்து நடத்தியும் தனித்தன்மையோடு இருக்க முடியும் என்பதற்கு, பரிணாம உயிரியலில் மூன்று அமெரிக்கச் சங்கங்கள் இருக்கின்றன. பரிணாம ஆய்வுச் சங்கம், அமெரிக்க இயற்கையியலாளர் சங்கம், உயிரினங்களை வகைப்படுத்தும் சிஸ்டமேட்டிக் உயிரியலாளர் சங்கம் மூன்றும் ‘எவல்யூஷன்’ என்ற ஆண்டுக் கூட்டத்தைச் சேர்ந்தே நடத்துகின்றன. ஆனால் எவல்யூஷன், தி அமெரிக்கன் நேச்சுரலிஸ்ட், சிஸ்டமேட்டிக் பயாலஜி என்று ஒவ்வொன்றும் தனக்கென ஓர் இதழை வைத்திருக்கிறது. பரிசுகளும் தேர்தல்களும் தனித்தனி. மண்டபம் பொது, வீடு தனி.

இதற்கு மறுபக்கமும் உண்டு. உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், மருந்தியல், நோய்க்கூறியல் சங்கங்கள் அமெரிக்காவில் ‘எக்ஸ்பெரிமென்டல் பயாலஜி’ என்ற பெருங்கூட்டத்தை நெடுங்காலம் சேர்ந்து நடத்தின. 2022தான் கடைசி. அடுத்த ஆண்டிலிருந்து தனித்தனிக் கூட்டங்கள். இப்படி ஒரு நாள் உங்களுக்கும் வரலாம். அன்றைக்கு உங்களிடம் கூட்டம் நடத்தத் தெரிந்த ஒருவராவது இருக்கிறாரா? பல ஆண்டுகள் பிறர் மண்டபத்தில் விருந்தாளியாக இருந்த சங்கத்தில் அந்தப் பழக்கமே போய்விடும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது, 40 பேர் வந்தாலும் போதும், ஒருநாள் கூட்டம் ஒன்றை உங்கள் கையால் நடத்துங்கள்.

பணத்தில் சின்னச் சங்கங்கள் லாபத்தில் எத்தனை பங்கு என்று மட்டும் பேசிவிட்டு நஷ்டத்தை மறந்துவிடும். மாநாட்டு விடுதிகள் இத்தனை அறைகள் நிரம்பும் என்று உறுதி கேட்கும். நிரம்பாவிட்டால் நீங்கள்தான் கட்ட வேண்டும். 2020இல் பெருந்தொற்றால் கூட்டங்கள் ரத்தானபோது இந்த ஒப்பந்தங்களின் கனம் எல்லோருக்கும் புரிந்தது. பெரிய சங்கம் ஓர் ஆண்டு நஷ்டத்தைத் தாங்கிக்கொள்ளும், உங்களுக்கோ அது சேமிப்பு முழுவதும் போவது. எனவே லாபப் பங்கு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, நஷ்டத்தில் எங்கள் பங்கு இந்தத் தொகையைத் தாண்டாது என்று ஒரு வரம்பு எழுதி வாங்குங்கள். நியாயமான பெரிய சங்கம் இதற்குத் தயங்காது.

இப்போது இதழ். இங்கேதான் அதிகம் நின்று யோசிக்க வேண்டும்.

தனியாக ஓர் இதழை நடத்துவது உண்மையிலேயே கஷ்டமாகிவிட்டது. நூலகங்கள் இதழ்களை ஒவ்வொன்றாக வாங்குவதைவிடக் கட்டுக்கட்டாக வாங்குகின்றன. கட்டுக்குள் இல்லாத ஒற்றை இதழைத்தான் முதலில் வெட்டுவார்கள். 2018இல் ஐரோப்பிய ஆய்வு நிதி அமைப்புகள் பல சேர்ந்து ‘பிளான் எஸ்’ அறிவித்தபின், கட்டுரைகள் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்ற அழுத்தமும் கூடியது. அதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் சந்தாவை நம்பியிருந்த சின்னச் சங்கத்துக்கு அந்த வருமானம் போனால் மாணவர் பரிசுக்குக்கூடப் பணம் இருக்காது. நிதி அமைப்புகளும் பல்கலைக்கழகங்களும் ஒப்பந்தம் பேசும்போது நூறு இதழ் வைத்திருப்பவரோடுதான் பேசுவார்கள், ஒற்றை இதழ்க்காரரைத் தேடி வர மாட்டார்கள். எனவே இதழுக்குத் துணை தேடுவதில் தவறே இல்லை.

தவறு நடப்பது உரிமையில். மொழியியலில் லிங்குவா என்ற இதழின் ஆசிரியர் குழு முழுவதும், பதிப்பகத்தோடு உடன்பாடு எட்டாமல் 2015இல் விலகியது. ஆனால் லிங்குவா என்ற பெயர் பதிப்பகத்தின் சொத்து. அவர்கள் குளோசா என்ற புதுப் பெயரில் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அதற்கு முன் 2006இல் கணித இதழான டோபாலஜியின் ஆசிரியர் குழு இதே போல விலகி, லண்டன் கணிதச் சங்கத்தோடு சேர்ந்து ஜர்னல் ஆஃப் டோபாலஜியைத் தொடங்கியது. இந்த இரண்டு குழுக்களும் எழுந்து நின்றுவிட்டன, அவர்களுக்கு அந்த வலிமை இருந்தது. 300 பேர் சங்கத்தால் பெயரைத் தொலைத்துவிட்டு மறுபடி தொடங்க முடியுமா என்பது சந்தேகம்தான். எனவே இதழின் பெயர், பழைய தொகுதிகள், இணைய முகவரி, சந்தாதாரர் பட்டியல், பரிசீலனையில் இருக்கும் கட்டுரைகள் எல்லாம் சங்கத்துக்கே சொந்தம் என்றும், ஒப்பந்தம் முடிந்தால் இத்தனை மாதத்துக்குள் பயன்படுத்தக்கூடிய வடிவில் திருப்பித் தர வேண்டும் என்றும் எழுத்தில் இருக்கட்டும். ஆசிரியரை நியமிப்பதும் நீக்குவதும் சங்கத்தின் கையில் இருக்க வேண்டும். இந்த இரண்டும் கிடைக்காவிட்டால், எவ்வளவு பணம் தருவதாகச் சொன்னாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

‘பெரியவர்கள் துணை இல்லாமல் இணையத்துக்கே போக முடியாது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கட்டுரைக்கு நிரந்தர அடையாள எண் தரும் கிராஸ்ரெஃப் அமைப்பு 2000 முதல் இருக்கிறது. சின்னப் பதிப்பாளர்களும் அதில் உறுப்பினராகலாம். கட்டுரை வாங்கி, மதிப்பாய்வுக்கு அனுப்பி, வெளியிடுவது வரைக்கும் செய்யும் ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ் இலவச மென்பொருள். உயிரியல் சங்கங்களின் இதழ்களை ஒன்றாகத் திரட்டி நூலகங்களுக்குக் கொடுக்க பயோஒன் என்ற லாப நோக்கற்ற அமைப்பு இருக்கிறது. கருவிகளுக்குப் பஞ்சமில்லை, ஆள்தான் கிடைப்பதில்லை. மதிப்பாய்வாளரை நாலு முறை நினைவூட்ட ஒருவர், பக்கம் அமைக்க ஒருவர், சேவையகம் நின்றால் இரவில் பார்க்க ஒருவர் வேண்டும். அந்த ஆட்கள் உங்களிடம் இருக்கிறார்களா என்று நேர்மையாக எண்ணிப் பாருங்கள். எங்கள் இதழாசிரியர் ஓர் ஆண்டு உடல்நலமில்லாமல் போனபோது, 2 இதழ்கள் வரவே இல்லை. ஒதுங்கியே இருந்ததில் வந்த இழப்பு என்று மேலே சொன்னேனே, அது இதுதான். நாங்கள் எல்லாப் பேச்சுவார்த்தைகளையும் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தோம். தேவை வந்தபோது பக்கத்தில் யாருமில்லை.

இந்த இடத்தில், கடிதம் எழுதிய பெரிய சங்கத்தை மட்டும் பார்க்காமல் பக்கவாட்டிலும் பாருங்கள் என்று சொல்ல வேண்டும். உங்களைப் போலவே கஷ்டப்படும் இன்னும் நாலைந்து சின்னச் சங்கங்கள் நிச்சயம் இருக்கும். ஜப்பானில் புவிக்காந்தவியல், நிலநடுக்கவியல், எரிமலையியல், புவியளவியல், கோளறிவியல் ஆகிய ஐந்து துறைச் சங்கங்கள் சேர்ந்து 1998இல் எர்த், பிளானெட்ஸ் அண்ட் ஸ்பேஸ் என்ற ஒரே இதழைத் தொடங்கின. அதற்காக ஏற்கெனவே இருந்த இரண்டு இதழ்களை நிறுத்தினார்கள். பழைய இதழை நிறுத்துவது எவ்வளவு மனக்கஷ்டம் என்பது இதழ் நடத்தியவர்களுக்குத் தெரியும். ஆனால் ஐந்து சங்கங்களும் சங்கங்களாக இருக்கின்றன. ஏறக்குறைய ஒரே அளவுள்ளவர்கள் சேரும்போது, யார் யாரை விழுங்குவார் என்ற பயம் பாதி குறைந்துவிடுகிறது.

பெரியவரின் கூரைக்குக் கீழேயே சின்னவர் நெடுங்காலம் நன்றாக இருந்த கதையும் இருக்கிறது. 1931இல், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில், இதழ் அச்சிடும் செலவைத் தாங்க முடியாமல் அமெரிக்காவின் இயற்பியல் சங்கங்கள் சில சேர்ந்து அமெரிக்க இயற்பியல் நிறுவனத்தை உருவாக்கின. அமெரிக்க இயற்பியல் சங்கம், ஒளியியல் சங்கம், ஒலியியல் சங்கம் இவற்றோடு, 1929இல்தான் பிறந்திருந்த ரியாலஜி சங்கமும் அதில் உண்டு. ரியாலஜி என்பது பொருள்கள் பாய்வதையும் உருமாறுவதையும் பற்றிய படிப்பு. மற்றவற்றோடு ஒப்பிட்டால் மிகச் சின்னத் துறை. இன்றும் அது தனிச் சங்கம்தான். தன் இதழை அந்த நிறுவனத்தின் பதிப்பகம் வழியாகக் கொண்டுவருகிறது. அந்த அமைப்பு தொடக்கத்திலிருந்தே கூட்டமைப்பாக இருந்தது என்பதைக் கவனியுங்கள். ரியாலஜி சங்கம் அதைத் தோற்றுவித்த உறுப்பினர்களில் ஒன்று. யாருடைய கிளையாகவும் அது போய்ச் சேரவில்லை. பின்னால் வந்து சேர்பவருக்கு அந்த இடம் தானாகக் கிடைக்காது, கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஆட்சிக்குழுவில் நமக்கு ஓர் இருக்கை உண்டா? வாக்கு சங்கத்துக்கு ஒன்றா, உறுப்பினர் எண்ணிக்கைப்படியா? எண்ணிக்கைப்படி என்றால் உங்கள் 300 பேர் அங்கே கணக்கிலேயே வர மாட்டார்கள்.

உறுப்பினர் பட்டியல் பற்றி ஒரு வார்த்தை. சந்தாவை நாங்களே வசூலித்துத் தருகிறோம் என்று பெரிய சங்கம் சொல்லும்போது பொருளாளருக்கு அப்பாடா என்று இருக்கும், எனக்கும் இருந்தது. ஆனால் புதுப்பிக்கச் சொல்லி வரும் கடிதம் யார் பெயரில் வருகிறதோ, அவர்களைத்தான் உறுப்பினர் தன் சங்கமாக நினைப்பார். வசூலை ஒப்படைத்தாலும் நினைவூட்டல் உங்கள் பெயரில் போகட்டும், பட்டியலின் பிரதி மாதந்தோறும் உங்களுக்கு வரட்டும்.

முழு இணைப்பு பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு லண்டன் கணிதச் சங்கத்தின் கதையைச் சொல்வேன். 1865இல் தொடங்கிய சங்கம் அது. பயன்பாட்டுக் கணிதக்காரர்களுக்காக 1964இல் தொடங்கிய இன்ஸ்டிட்யூட் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ் அண்ட் இட்ஸ் அப்ளிகேஷன்ஸோடு இணையலாம் என்று பல ஆண்டுகள் பேசி, இரண்டு செயற்குழுக்களும் பரிந்துரைத்தன. இன்ஸ்டிட்யூட்டின் உறுப்பினர்கள் சம்மதித்தார்கள். லண்டன் சங்கத்து உறுப்பினர்கள் 2009 மே மாதம் வாக்களித்து மறுத்துவிட்டார்கள்: எதிராக 591, ஆதரவாக 458. அத்தோடு உறவு முறிந்துபோகவில்லை. கணித அறிவியல்களுக்கான பொது மன்றத்தில் அதன் பிறகும் இரண்டும் சேர்ந்தே அமர்ந்தன. கணிதவியலாளர் கிறிஸ்டோபர் ஸீமன் பெயரிலான பதக்கத்தைச் சேர்ந்தே வழங்குகின்றன. இணைப்புக்கு இல்லை என்று சொன்ன பிறகும் எவ்வளவோ வேலையைச் சேர்ந்து செய்யலாம். தலைவர்கள் கைகுலுக்கிவிட்டதாலேயே உறுப்பினர்களும் சம்மதம் என்று எண்ணிவிடக் கூடாது என்பதும் இதில் இருக்கிறது. உங்கள் துணைவிதிகளில் இணைப்புக்கு எத்தனை பங்கு வாக்கு வேண்டும் என்று இப்போதே பாருங்கள்.

சரி, எப்போதுதான் முழுவதாக இணைவது? அடுத்த செயலாளர் யார் என்று கேட்டால் அறை அமைதியாகிவிடுகிறது, அதுவும் இரண்டு மூன்று தேர்தலாக அப்படியே நடக்கிறது என்றால், அந்தப் பேச்சைத் தள்ளிப்போடாதீர்கள். கையில் இதழும் கொஞ்சம் சேமிப்பும் இருக்கும்போது போனால், எங்கள் பெயரில் ஒரு பிரிவு வேண்டும், பரிசுகள் அதே பெயரில் தொடர வேண்டும், எங்கள் நிதி எங்கள் துறைக்கே செலவாக வேண்டும் என்று கேட்க முடியும். எல்லாம் தீர்ந்தபின் போனால் கேட்க ஒன்றும் இருக்காது. அது வருத்தமான முடிவுதான். ஆனால் 30 ஆண்டு உழைத்து வளர்த்த சங்கம் பெயரளவில் நின்று, பழைய தொகுதிகள் யாரோ ஒருவர் வீட்டுப் பெட்டியில் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். அது இதைவிட வருத்தம்.

நீங்கள் சொன்ன விவரங்களை வைத்துப் பார்த்தால் உங்கள் சங்கம் அந்த நிலையில் இல்லை. எனவே பதில் கடிதத்தை இப்படி எழுதுவேன்: அடுத்த 2 ஆண்டுகளுக்கு உங்கள் மாநாட்டில் எங்கள் பெயரில் ஓர் அமர்வு, முதல் இரண்டு நாளுக்குள், அதில் எங்கள் மாணவர்களுக்கு மேடைப் பேச்சு, உறுப்பினர்களுக்குப் பரஸ்பர சந்தாச் சலுகை, நஷ்டத்தில் எங்கள் பங்குக்கு வரம்பு. இதழ் பற்றி இப்போது பேச்சில்லை, 2 ஆண்டு கழித்து இரு தரப்பும் உட்கார்ந்து பார்க்கலாம். கடிதத்தை அனுப்பும் முன் பொதுக்குழுவில் படித்துக் காட்டுங்கள். அதே வாரத்தில், உங்கள் அளவுள்ள பக்கத்துத் துறைச் சங்கம் ஒன்றின் செயலாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, அவர்கள் இதழை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேளுங்கள்.